நிறம் மாறும் நானோ தாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் ஒரு கல்லூரியில் வேதியியல் பாடம் நடத்துகிறேன். தங்கம், வெள்ளி நானோ துகள் ஏற்றிய சோதனைத் தாள்களை மாணவர்களோடு சேர்ந்து சில வருடமாகச் செய்து வருகிறோம். ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தால், அதில் என்ன கலந்திருக்கிறது என்பதற்கேற்ப நிறம் மாறும் தாள்கள் இவை. பள்ளிகளுக்கும் சுற்று வட்டார ஊர்களுக்கும் எடுத்துப்போகும் போதெல்லாம் கேட்கப்படும் கேள்விகளைத் தொகுத்து, கொஞ்சம் விரிவாகவே பதில் எழுதியிருக்கிறேன்.

இதுவும் லிட்மஸ் தாள் மாதிரிதானே?

பார்வைக்கு அப்படித்தான் இருக்கும். உள்ளே நடப்பது வேறு.

ஆரத்தித் தட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் தண்ணீரில் துளி சுண்ணாம்பு கரைத்ததும் செக்கச் செவேலென்று ஆகிவிடுகிறது. மஞ்சளில் இருக்கிற குர்குமின் என்ற மூலக்கூறு, சுண்ணாம்பின் காரத்தன்மையால் தானே உருமாறுவதால் வருகிற நிறம் அது. லிட்மஸும் அந்த வகைதான்.

தங்க நானோ தாளில் தங்கம் தங்கமாகவே இருக்கிறது. துகளுக்கும் துகளுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் மாறுகிறது. தள்ளித் தள்ளி நின்றால் சிவப்பு. நெருங்கிக் கூட்டம் கூடினால் ஊதா, நீலம். இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால் கீழே வருகிற பதில்களில் பாதி தானாகவே புரியும்.

தங்கம் மஞ்சள் நிறமாயிற்றே. சிவப்பு எங்கிருந்து வந்தது?

நாங்கள் பயன்படுத்தும் துகள் ஒன்றின் குறுக்களவு சுமார் 13 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் தடிமனுக்கு இந்தத் துகள்களை வரிசையாக அடுக்கினால் ஏறக்குறைய ஆறாயிரம் பிடிக்கும். அவ்வளவு சிறிதானால் தங்கத்தின் நடத்தையே மாறிவிடும்.

இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு நடந்தவர்களுக்குத் தெரியும், உள்ளே தண்ணீர் தனக்கென்று ஒரு தாளத்தில் அலம்பும். நம் நடையும் அந்தத் தாளத்தோடு பொருந்திவிட்டால் தண்ணீர் தளும்பி வெளியே கொட்டும். தங்கத் துகளுக்குள் இருக்கிற எலக்ட்ரான்களும் அப்படியே அலம்புகின்றன. அவற்றின் தாளம் பச்சை ஒளியோடு, அதாவது 520 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய ஒளியோடு, பொருந்திப் போகிறது. பச்சையை அவை விழுங்கிவிட, மிச்சம் நம் கண்ணுக்குச் சிவப்பாக வந்து சேர்கிறது. துகள்கள் நெருங்கினால் ஒன்றின் அலம்பல் பக்கத்துத் துகளையும் இழுத்து, தாளம் மெதுவாகிவிடுகிறது. அப்போது அவை விழுங்குவது ஆரஞ்சு, சிவப்புப் பக்கத்து ஒளியை. எஞ்சுவது நீலம்.

வெள்ளித் துகள் இதே காரணத்தால் மஞ்சளாகத் தெரியும். அதன் தாளம் 400 நானோமீட்டர் பக்கம், ஊதா ஒளியோடு பொருந்துகிறது.

1857-ல் லண்டனில் மைக்கேல் ஃபாரடே இந்தச் சிவப்புத் தங்கக் கரைசலை ஆராய்ந்து, அதில் உப்புச் சேர்த்தால் நீலமாவதையும் பதிவு செய்தார். உப்பு பற்றிய இந்தச் செய்தியை நினைவில் வையுங்கள், பின்னால் நம் ஊர்க் கிணற்றடியில் அதைத் திரும்பவும் சந்திப்போம்.

கரைசலை எப்படிச் செய்கிறீர்கள்?

1951-ல் வேதியியலாளர் டர்கெவிச்சின் குழுவினர் விவரித்த முறைதான் இன்றைக்கும் அடிப்படை. தங்க குளோரைடு கரைசலைக் கொதிக்கவைத்து, சிட்ரேட் உப்பைச் சேர்க்க வேண்டும். சொல்ல இவ்வளவுதான், பார்க்க அப்படி ஒரு அழகு. வெளிர் மஞ்சளாகக் கொதித்துக்கொண்டிருப்பது சிட்ரேட் விழுந்ததும் நிறமற்றுப் போகும். சிறிது நேரத்தில் பேனா மை சிந்தியது போலக் கருநீலம் படரும், அப்புறம் ஊதா, கடைசியில் மாதுளைச் சாறு. எல்லாம் பத்து நிமிடத்துக்குள். எத்தனை முறை பார்த்திருந்தாலும், அந்தக் கடைசி மாற்றம் வரும்போது மாணவர்கள் எல்லோரும் மேசையைச் சுற்றி வந்து நின்றுவிடுகிறார்கள். நானும் நிற்கிறேன்.

குடுவை சுத்தமாக இல்லாவிட்டால் இது நடக்காது. பழைய கறை துளி ஒட்டியிருந்தாலும் துகள்கள் ஒழுங்காக வளராமல் கரைசல் கலங்கிவிடும். அதனால் குடுவைகளை ராஜ திராவகத்தில் கழுவுகிறோம். தங்கத்தையே கரைக்கும் திராவகம் அது. பயிற்சி இல்லாதவர்கள் தொடக் கூடாது.

தாள் எதற்கு? கரைசலிலேயே சோதிக்கலாமே?

லேப் மேசையில் தாராளமாகச் சோதிக்கலாம். ஊர்க் கிணற்றடிக்குக் குடுவையைத் தூக்கிக்கொண்டு போவது கஷ்டம். தாள் லேசானது, மலிவானது, சொட்டு வைத்தால் தானே உறிஞ்சிக்கொள்ளும், வேலை முடிந்ததும் எரித்துவிடலாம். 2007-ல் ஹார்வர்டில் ஜார்ஜ் வைட்சைட்ஸ் குழு, தாளில் தண்ணீர் புகாத வேலி போட்டுச் சின்னச் சின்ன வாய்க்கால்களை உருவாக்கிக் காட்டியது. அதற்குப் பின் இந்தத் துறை வேகமாக வளர்ந்தது.

வேலி என்றால் என்ன என்று சின்னாளப்பட்டியிலோ மதுரையிலோ சுங்குடிச் சேலை வேலை பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். முடிச்சுப் போட்ட இடத்தில் சாயம் ஏறாது, மெழுகு அச்சு வைத்த இடத்திலும் ஏறாது. நாங்கள் செய்வதும் அதுதான். வடிதாளில் மெழுகால் வட்டம் வரைந்து சூடு காட்டினால், மெழுகு உருகி அடிப்பக்கம் வரை இறங்கிவிடும். வட்டத்துக்குள் வைத்த சொட்டு வெளியே போகாது. ஒருமுறை எங்களோடு வந்த சுங்குடிக்காரர் ஒருவர், “சூடு பத்தல, மெழுகு மேலாகத்தான் நிக்குது” என்று தாளைத் திருப்பிக் காட்டினார். அவர் சொன்னது முழுக்கச் சரி. அன்றிலிருந்து ஒவ்வொரு தாளையும் திருப்பிப் பார்த்த பிறகுதான் பயன்படுத்துகிறோம்.

எதையெல்லாம் கண்டுபிடிக்கலாம்?

பாதரசம், ஈயம், குரோமியம் போன்ற உலோகங்கள், சில பூச்சிமருந்துகள், பாலில் கலப்படமாகச் சேர்க்கப்படும் மெலமின் என்ற இரசாயனம் என்று பட்டியல் நீளும். ஒவ்வொன்றுக்கும் தங்கத் துகளின் மேல் வேறுவேறு பூச்சு வேண்டும். பாதரசத்துக்கு டி.என்.ஏ.வில் வரும் தைமின் நல்ல பூட்டு. இரண்டு தைமின்களுக்கு நடுவில் பாதரச அயனி போய்க் கச்சிதமாக உட்கார்ந்து, துகள்களை இழுத்துச் சேர்த்துவிடும். ஈயத்துக்கு குளூட்டாதயோன் பூச்சு பயன்படுகிறது. வெள்ளித் துகளில் கதை வேறு. பாதரச அயனி வெள்ளியிடமிருந்து எலக்ட்ரானைப் பறித்துக்கொள்ள, வெள்ளி கரைந்து மஞ்சள் நிறம் வெளுத்துப் போகிறது.

அளவு பற்றியும் சொல்லிவிட வேண்டும். இந்தியக் குடிநீர்த் தரத்தின்படி லிட்டருக்கு ஈயம் 0.01 மில்லிகிராமுக்கு மேலும், பாதரசம் 0.001 மில்லிகிராமுக்கு மேலும் இருக்கக் கூடாது. வெறும் கண்ணால் பார்க்கிற சாதாரணத் தாள் பெரும்பாலும் அந்த அளவு வரை இறங்காது. ஆகவே நிறம் மாறவில்லை என்பதற்காகத் தண்ணீர் நல்லது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இதை ஒவ்வொரு ஊரிலும் இரண்டு முறை சொல்கிறேன்.

எங்கள் ஊர் போர் தண்ணீரில் தாள் உடனே நீலமாகிவிட்டது. விஷம் இருக்கிறதா?

அநேகமாக உப்பு. இதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நாங்களே இதில் தவறியிருக்கிறோம்.

ஆரம்ப நாட்களில் திருமங்கலத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்துக்குப் பாதரசத் தாள்களோடு போனோம். லேப்பில் காய்ச்சி வடித்த நீரில் பாதரசம் கலந்து பார்த்தபோது அருமையாக வேலை செய்த தாள்கள். கிணற்றுத் தண்ணீரைச் சொட்டு வைத்தோம். பத்துத் தாளும் அரை நிமிடத்தில் நீலமாகிவிட்டன. சுற்றி நின்றவர்கள் முகம் மாறிவிட்டது. ஒரு அப்பத்தா என் கையைப் பிடித்துக்கொண்டு, “தாயி, பிள்ளைகளுக்கெல்லாம் இதைத்தானே கொடுத்தோம்” என்றார். பொறுங்கள், லேப்பில் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்று சொல்லி மாதிரி எடுத்து வந்தோம். முடிவு வந்தது: பாதரசம் இல்லை, கடினத்தன்மைதான், அதாவது கால்சியம், மக்னீசியம் உப்புகள்தான், மிக அதிகம். ஒரு வாரம் கழித்துப் போய்ச் சொன்னபோது, அந்த வாரம் முழுக்க அவர்கள் கேன் தண்ணீர் வாங்கிக் குடித்திருந்தது தெரிந்தது. கூலி வேலை பார்க்கிறவர்களுக்கு அது லேசான செலவா? பிழை எங்களுடையது. ஊர்த் தண்ணீரில் சோதித்துப் பார்க்காமல் தாளை எடுத்துப்போயிருக்கவே கூடாது.

நடந்தது என்னவென்றால், சிட்ரேட் பூசிய தங்கத் துகள்கள் எல்லாம் எதிர்மின்சுமை உடையவை. அதனால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு விலகியே நிற்கின்றன. தண்ணீரில் உப்பு அதிகமானால் அந்தத் தள்ளுவிசை மறைக்கப்பட்டு, துகள்கள் தாமாகவே ஒட்டிக்கொள்கின்றன. கால்சியமும் மக்னீசியமும் இரட்டை மின்சுமை கொண்டவை என்பதால், சமையல் உப்பை விட மிகக் குறைந்த அளவிலேயே இந்த வேலையைச் செய்துவிடும். குடத்தின் உட்புறத்தில் வெள்ளை வெள்ளையாகப் படிகிறதே, அந்த உப்புதான். ஃபாரடே குடுவையில் பார்த்த நீலத்தையே நாங்கள் கிணற்றடியில் பார்த்து விஷமோ என்று பதறியிருக்கிறோம். வெள்ளித் தாளும் தப்பிக்காது. குளோரைடு அதிகமுள்ள தண்ணீர் வெள்ளியையும் குழப்பும்.

இப்போது ஒரே தாளில் மூன்று வட்டம் போடுகிறோம். ஒன்றில் பாதரசத்தைப் பிடிக்கும் பூச்சுள்ள தங்கம். இரண்டாவதில் அந்தப் பூச்சில்லாத தங்கம், இது உப்புக்குக் காவல். மூன்றாவதும் முதல் வட்டம் போலத்தான், ஆனால் தாளே கெட்டிருக்கிறதா என்று பார்க்க அதில் வைப்பது காய்ச்சி வடித்த நீர். இரண்டாவது வட்டமும் நீலமானால் அந்தத் தாள் சொல்வது எதையும் நம்ப வேண்டாம் என்று அர்த்தம். தண்ணீரை நீர்க்கச் செய்து திரும்பப் பார்க்கலாம்தான், ஆனால் உப்போடு சேர்ந்து தேடும் பொருளும் நீர்த்துப் போகும். கால்சியத்தைக் கட்டிப்போட ஈ.டி.டி.ஏ. சேர்க்கலாமே என்று மாணவர்கள் கேட்பார்கள். அது பாதரசத்தையும் ஈயத்தையும் சேர்த்தே கட்டிப்போட்டுவிடும். உருப்படியான வழி, உப்பைத் தாங்கும் கெட்டியான பூச்சு. பூச்சு கெட்டியானால் உணர்திறன் குறையும். இரண்டுக்கும் நடுவில் ஒரு அளவைத் தேடுவதுதான் எங்கள் வேலையில் பெரும்பகுதி.

இந்தத் துறைக் கட்டுரைகளைப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது, எந்தத் தண்ணீரில் சோதித்தார்கள் என்பதைத்தான். காய்ச்சி வடித்த நீரில் மட்டும் என்றால் அந்தத் தாளை மதுரைக்குக் கொண்டுவருவதற்கு இன்னும் வெகுதூரம் இருக்கிறது.

மல்லிகைத் தோட்டத்தில் மருந்து அடிக்கிறோம். மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க முடியுமா?

ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் வகை மருந்துகளுக்கு முடியும். ஆனால் நிறத்தைத் தலைகீழாகப் படிக்க வேண்டும்.

இந்த மருந்துகள் பூச்சியைக் கொல்வது அதன் நரம்பில் உள்ள அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதியை முடக்கித்தான். அதே நொதியைத் தாளில் வைக்கிறோம். நொதி நன்றாக இருந்தால், அதற்குக் கொடுக்கும் இரையை வெட்டி தயோகோலின் என்ற பொருளை உண்டாக்கும். அது தங்கத்தில் ஒட்டித் துகள்களைச் சேர்க்க, தாள் நீலமாகும். மருந்து இருந்தால் நொதி முடங்கிவிடும், தாள் சிவப்பாகவே நிற்கும். அதாவது இங்கே நீலம் நல்ல செய்தி.

இரண்டு சிக்கல். நொதி வெயிலில் கெட்டுப்போகும், கெட்டுப்போனாலும் தாள் சிவப்பாகத்தான் நிற்கும். அதனால் மருந்து கலக்காத தண்ணீரில் ஒரு தாளை முதலில் பார்த்தே ஆக வேண்டும். பைரெத்ராய்டு வகை மருந்துகள் வேறு விதத்தில் வேலை செய்பவை என்பதால் இந்தத் தாளில் தெரியவே தெரியாது. நீங்கள் அடித்த மருந்து எந்த வகை என்று டப்பாவைப் பார்த்துச் சொல்லுங்கள்.

பாலில் கலப்படம்?

2008-ல் சீனாவில் குழந்தைகளுக்கான பால் பவுடரில் மெலமின் கலந்து பெரும் துயரம் நடந்தது. அதற்குப் பிறகு மெலமினைக் கண்டுபிடிக்கத் தங்கத் துகளைப் பயன்படுத்தும் முறைகள் நிறைய வந்தன. மெலமின் சேர்ந்தால் சிவப்பு நீலமாகும். ஆனால் பாலை அப்படியே ஊற்றினால் நடக்காது. பாலின் புரதம் துகளைப் போர்த்திக்கொள்ளும். அமிலம் விட்டுத் திரித்து, வடிகட்டி, தெளிந்த நீரில்தான் பார்க்க வேண்டும். மாவு கலந்திருக்கிறதா என்று பார்க்க நானோ எதுவும் வேண்டாம், ஒரு சொட்டு அயோடின் போதும்.

புளோரைடுக்கு உங்களிடம் தாள் உண்டா?

இல்லை, செய்யும் எண்ணமும் இல்லை. பல்லில் பழுப்புக் கறை விழும் ஊர்கள் திண்டுக்கல் பக்கம் இருப்பதால் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. புளோரைடுக்கு சிர்கோனியம் சாயக் கரைசல் வைத்த எளிய கிட்டுகள் ஏற்கெனவே நன்றாக வேலை செய்கின்றன. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, மாற்று நீரே இல்லாத இடத்தில் 1.5 வரை. கொதிக்கவைத்தால் புளோரைடு போகாது, தண்ணீர் வற்றுவதால் செறிவு கூடத்தான் செய்யும்.

தங்கம் விற்கிற விலையில் இது கட்டுப்படியாகுமா?

தெற்கு ஆவணி மூல வீதியில் நகைக்கடை வைத்திருப்பவர் ஒருவரும் இதைத்தான் கேட்டார். கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு வட்டத்துக்கு 5 மைக்ரோலிட்டர் கரைசல், அதில் இருக்கும் தங்கம் ஏறத்தாழ ஒரு மைக்ரோகிராம். ஒரு கிராம் தங்கத்தில் பத்து லட்சம் வட்டம் போடலாம். கிராம் பத்தாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால் வட்டத்துக்கு ஒரு பைசாதான் வருகிறது. தங்கத் துகள், சாதாரணச் சாய மூலக்கூறை விட ஆயிரம் மடங்குக்கு மேல் ஒளியை உறிஞ்சும் என்பதால் இவ்வளவு கொஞ்சம் போதுமானதாக இருக்கிறது. உண்மையில் செலவு வைப்பது பூச்சுக்கான டி.என்.ஏ., நொதி, அப்புறம் ஆள் உழைப்பு.

உரைகல்லில் கோடு இழுத்து, நிறம் பார்த்து மாற்று சொல்லும் தொழிலில் இருப்பவர் என்பதால், அவர் அடுத்துக் கேட்டது இதைத்தான்: “கண்ணு தப்பாப் பாத்தா?”

ஆமாம், ஆளுக்கு ஆள் நிறம் வேறு மாதிரி தெரியாதா? போனில் படம் எடுத்தால் போதுமா?

தெரியும். சிவப்புக்கும் ஊதாவுக்கும் நடுவில் இருக்கிற நிறத்தை மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்வார்கள். போன் உதவும், ஆனால் அதற்கும் கண் தப்பும். டியூப் லைட்டில் எடுத்த படமும் நடுப்பகல் வெயிலில் எடுத்த படமும் ஒரே தாளை வேறுவேறு நிறமாகக் காட்டும். நாங்கள் மிட்டாய்க் கடை அட்டைப்பெட்டி ஒன்றில் துளை போட்டு, உள்ளே சிறிய எல்.ஈ.டி. விளக்கு வைத்து, தாளுக்குப் பக்கத்தில் வெள்ளை அட்டையும் அளவு தெரிந்த நிறப் பட்டையும் சேர்த்துப் படம் எடுக்கிறோம்.

சொட்டு காய்ந்தால் காபி டம்ளர் வைத்த கறை மாதிரி விளிம்பில் வளையம் கட்டும். துகள்கள் ஓரத்துக்கு ஒதுங்குவதால் வருவது. வளையத்தைப் பார்த்து நிறம் சொல்லாதீர்கள், நடுப்பகுதியை, ஈரம் காயும் முன், குறித்த நேரத்தில் பாருங்கள்.

எத்தனை நாள் தாங்கும்?

சித்திரை வெயிலில் வண்டிப் பெட்டியில் வைத்தால் தாங்காது. ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு ஜிப் கவரில் போட்டு, இருட்டில், குளிர்ச்சியான இடத்தில் வைக்க வேண்டும். வெறும் சிட்ரேட் தங்கத்தைத் தாளில் வைத்தால் காயும்போதே ஊதாவாகிவிடும். முதல்முறை செய்கிற எல்லோரும் இங்கேதான் தடுமாறுவார்கள். சர்க்கரை அல்லது பி.வி.பி. என்ற பாலிமரைக் கொஞ்சம் சேர்த்தால் சிவப்பு நிலைக்கும்.

வேப்பிலை, துளசிச் சாற்றிலேயே நானோ துகள் வருமாமே?

வரும். வெள்ளி நைட்ரேட்டில் இலைச் சாற்றை ஊற்றினால் பழுப்பாக மாறுவதை மாணவர்கள் ஆசையாகச் செய்கிறார்கள். பாடம் கற்க மிக நல்லது. சோதனைத் தாளுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. மழைக்கால இலையும் கோடைக்கால இலையும் ஒரே சாற்றைத் தருவதில்லை, துகளின் அளவும் ஆளுக்கு ஆள் மாறும். இன்றைய தாளும் அடுத்த மாதத்துத் தாளும் ஒரே மாதிரி நிறம் காட்டினால்தான் அது சோதனை.

கையுறை போட்டுக்கொள்ளுங்கள். வெள்ளி நைட்ரேட் பட்ட விரல் நாள் கணக்கில் கருத்தே கிடக்கும்.

கர்ப்பப் பரிசோதனை அட்டையிலும் தங்கமா?

பெரும்பாலானவற்றில் ஆம். அந்தச் சிவப்புக் கோடு தங்கத் துகள்கள் வந்து சேர்ந்து நிற்கிற இடம். கோவிட் வீட்டுச் சோதனை அட்டைகள் பலவற்றிலும் அதே. அங்கே நிறம் மாறுவதில்லை, நிறம் ஓரிடத்தில் சேர்கிறது.

தங்க பஸ்பம் மாதிரி இதைச் சாப்பிடலாமா?

கூடாது. இது சோதனைக்கான இரசாயனம். மிஞ்சிய கரைசலை வாய்க்காலிலும் கொட்ட வேண்டாம். வெள்ளி, நீரில் வாழும் உயிர்களுக்குக் கெடுதல். தனிப் புட்டியில் சேர்த்து லேப்பிலேயே கொடுத்துவிடுங்கள்.

தாள் நீலமாகிவிட்டது, உப்புக் காவல் வட்டம் சிவப்பாகவே இருக்கிறது. அடுத்து என்ன செய்ய வேண்டும்?

இந்தத் தாள் எதற்காக இருக்கிறதோ அந்த இடத்துக்கு வந்துவிட்டீர்கள். இருபது கிணறு இருக்கிற ஊரில் எந்த இரண்டு கிணற்றுத் தண்ணீரை லேப்புக்கு அனுப்ப வேண்டும் என்று தாள் சொல்லும். தீர்ப்புச் சொல்ல வேண்டியது லேப்.

முதலில் இன்னொரு தாளில் திரும்பப் பாருங்கள். அதுவும் நீலமானால், மோட்டாரை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, புதிய பிளாஸ்டிக் கேனை அதே தண்ணீரில் மூன்று முறை அலசிவிட்டு நிரப்புங்கள். கிணறு எங்கே இருக்கிறது, தேதி, நேரம், மூன்றையும் கேன் மேல் எழுதுங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு நீர்ப் பரிசோதனைக் கூடங்கள் இருக்கின்றன, அங்கே கொடுக்கலாம். உலோகம் பார்க்க வேண்டும் என்று கொடுக்கும்போதே வாயால் சொல்லிவிடுங்கள். வழக்கமான குடிநீர்ச் சோதனையில் உப்பு, கடினத்தன்மை போன்றவற்றைத்தான் பார்ப்பார்கள், உலோகத்துக்கு மாதிரியில் அமிலம் சேர்த்துத் தனியாக வைக்க வேண்டியிருக்கும். முடிவு வரும்வரை அந்தக் கிணற்றைக் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் தவிர்த்தால் போதும், துணி துவைக்கலாம். எங்களுக்கும் ஒரு போன் போட்டுவிடுங்கள், மீதித் தாள்களை எடுத்துக்கொண்டு நேரில் வருகிறோம்.